மேகத்துக்குள் கைகட்டி உட்கார்ந்தது

சாரல் பிடித்திருந்த ஒரு பிற்பகல். கொடியில் காயாத துணியின் வாடை வீடு முழுக்க இருந்தது. தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் கட்டட வரைபடங்கள் போடும் கணினியில், பெரிய பயணிகள் விமானம் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியது நான்.

ஆட்டோபைலட் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. இனி விமானம் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும். மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் ஓர் அலறல். கோயில் திருவிழாவில் தாரை ஊதுவார்களே, அதையே வீடு பற்றி எரியும்போது ஊதினால் எப்படியிருக்கும், அப்படி. விளக்கு அணைந்துவிட்டது.

“என்னங்க அது? எதுக்கு இப்படிக் கத்துது?” அடுக்களையிலிருந்து என் மனைவி கோமதி.

“ஒண்ணுமில்ல. ஆட்டோபைலட் கழண்டுட்டு.”

“அதைக் கொஞ்சம் இறுக்கி மாட்டுங்க. அடுத்த வீட்டு அக்கா, உங்க வீட்டுல கேஸ் லீக்காவுதான்னு கேக்காவ.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் ஓடுவது பொய் விமானம் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பயணியும் இல்லை. விழுந்தால் மேஜையில் ஒரு கீறல்கூட விழாது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் வலது கை, விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கை இறுகப் பற்றியது. இடது கை நெஞ்சுக்குப் போயிற்று.

நெஞ்சுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. நான் விமானம் ஓட்டுவதற்கும் அதுதான் காரணம். நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்து வருகிற ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டிப் பழகுவானேன் என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. பதிலை அருவியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விழ இடமில்லை

குற்றாலம் மெயின் அருவியில் உள்ளூர்க்காரனை எளிதில் அடையாளம் காணலாம். வெளியூர்க்காரர்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உள்ளே பாய்வார்கள். எங்கள் ஆள் முதலில் கையை நீட்டி, பாறையோடு பதித்திருக்கும் கைப்பிடிக் கம்பியைத் தேடுவான். கம்பி அகப்பட்ட பிறகுதான் தண்ணீருக்குத் தலையைக் கொடுப்பான்.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் என் அப்பா. இலத்தூரில் நெல் விவசாயம் பார்த்தவர். சீசனில் நடவு முடிந்ததும் எங்களைக் கூட்டி வருவார். “கம்பியப் பிடிச்சிட்டியாலே? இனி விடாத” என்பார். இதற்கு மேல் அவர் எனக்குப் பெரிதாக எந்த அறிவுரையும் சொன்னதாக நினைவில்லை. அதை மட்டும் நான் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தேன்.

சென்ற ஆண்டு சீசனில், நல்ல கூட்டமுள்ள ஒரு காலையில், வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். கம்பியைப் பிடித்தேன். எனக்கு முன்னால் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் நின்றார். தோள்மேல் தண்ணீர் இடி மாதிரி விழுந்தது.

திடீரென்று சத்தம் நின்றது.

இருட்டு வந்ததாக நினைவில்லை. சத்தம் நின்றது மட்டும்தான். பிறகு சத்தம் திரும்பி வந்தபோது சிவப்புத் துண்டுக்காரரைக் காணவில்லை. அவர் நின்ற இடத்தில் மீசை வைத்த வேறொருவர் நின்று, வாயைத் திறந்து தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது வந்தார்?

நான் விழவில்லை. விழ அங்கே இடமில்லை. எண்ணெய் வழுக்கும் உடம்புகள் நாலு பக்கமும் நெருக்கி என்னை நிறுத்தி வைத்திருந்தன. அவர்கள் நடுவில் ஓர் ஆள் சற்று நேரம் இல்லாமல் போயிருந்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கையைப் பார்த்தேன். கம்பியில் இல்லை. தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் குளிர் விடவில்லை. நினைவு தப்பியதைவிட அந்தக் கைதான் என்னைப் பயமுறுத்தியது. இத்தனை ஆண்டுகளாகப் பிடித்துப் பழகிய கை, என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கிறது.

மறந்துவிடுவீர்கள் என்றார்

அதன் பிறகு ஒருமுறை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் நின்றபோது இதே போல ஆயிற்று. இந்த முறை விழுந்தேன். நல்லவேளையாக மணல் குவியலின் மேல். கண் விழித்தபோது வாயில் மணல் நறநறத்தது.

கோமதி என்னைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் அதோடு இருக்கச் சொன்னார்கள். பெட்டி எழுதிக் காட்டியதைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: என் இதயம் இடையிடையே நின்று, சில விநாடிகள் யோசித்துவிட்டு, மறுபடி துடிக்கிறது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும்.

அந்த அம்மையார் பொறுமையானவர். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

“இது உங்க இதயத்த ஓட்டாது சார். பாத்துக்கிட்டே இருக்கும். துடிப்பு வரவேண்டிய நேரத்துல வரலைன்னா மட்டும் ஒரு தட்டு தட்டும்.”

“தட்டும்போது எனக்குத் தெரியுமா?”

“பெரும்பாலும் தெரியாது. கொஞ்ச நாள்ல அது உள்ள இருக்கறதையே மறந்துருவீங்க.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. நான் கேஸ் வால்வை மூடிவிட்டு, திரும்பி வந்து மூடியதைத் தொட்டுப் பார்க்கிறவன். என் உயிரைத் தட்டித் தட்டி ஓட்டுகிற ஒன்றை நான் மறந்துவிட வேண்டுமாம்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன்.

“யோசிங்க. ரொம்ப யோசிக்காதீங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. அருவிப் பக்கம் போகவே கூடாது.”

வாரங்கள் போயின. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கோமதி முதலில் தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாகச் சட்டங்கள் வந்தன. குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. நான் உள்ளே இருக்கும்போது வெளியே நின்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். தேங்காய் விலை, குழாயில் தண்ணீர் வராதது, சிவகிரியில் அவள் தங்கை வீட்டுச் சண்டை. அவளுக்கு வேண்டியது என் கருத்து அல்ல, ஒரு “ம்”. “ம்” வரத் தாமதமானால் கதவு திறந்துவிடும்.

வெளியே போவதென்றால் அவள் ஸ்கூட்டரில் நான் பின்னால். கூலக்கடை பஜார் திருப்பத்தில் ஆட்டோ குறுக்கே வந்தால் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

“காலை வச்சுக்கிட்டு சும்மா இருக்கியளா? நீங்க மிதிக்கிற மிதில என் வண்டி சாயுது.”

குடோனில் ஒரு விமானம்

அருள் செங்கோட்டையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நான் போட்டுத் தந்த வரைபடத்தில்தான் அவர் வீடு கட்டினார். அந்தப் பழக்கம். கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனில், மின்விசிறி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பழைய கார் இருக்கையைப் போட்டு மூன்று திரைகளை வைத்து விமானி அறை செய்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துபாய்க்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவார்.

எனக்குத் தலைசுற்றல், வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரு நாள் ஜாய்ஸ்டிக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ரோட்டுல ஓட்டத்தானே கூடாதுன்னு சொன்னாவ? இதுல ஓட்டுங்க.”

முதலில் சிறு விமானங்கள். அவற்றைக் கையாலேயே ஓட்டினேன். இலத்தூர்க் குளத்தின் மேலே போய், மலையைத் தொடாமல் திரும்பி வந்தேன். என் கைக்குள் ஒன்று மறுபடி அடங்கியிருந்தது சந்தோஷமாக இருந்தது. அருள்தான் விடவில்லை.

“எத்தன நாளைக்கு அண்ணாச்சி சைக்கிளே ஓட்டுவிய? பெரிசுக்கு வாங்க.”

பெரிய விமானத்தைக் கையால் ஓட்டிக்கொண்டே போக முடியாது. ஏறிச் சற்று நேரத்தில் ஆட்டோபைலட்டிடம் கொடுத்துவிட வேண்டும். கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை, அதில் வரிசையாகத் திருகுகள். வேகத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. திருகினால் எண் மாறும். எண் மாறியதும் விமானம் கீழ்ப்படிந்துவிடாது. அந்தத் திருகை இழுக்க வேண்டும், அல்லது அமுக்க வேண்டும்.

“நம்ம பக்கமா இழுத்தா, நான் சொல்லுதபடி செய்யின்னு அர்த்தம். அங்கன பாத்து அமுக்குனா, நீயே பாத்துக்கோன்னு அர்த்தம். கேட்டோ?” செங்கோட்டைக்காரர்களுக்குப் பேச்சோடு பேச்சாக மலையாளம் வந்துவிடும்.

நான் எப்போதும் இழுத்தேன்.

எனக்கு இது புதிதல்ல. கட்டட வரைபடங்கள் கணினிக்கு மாறிய காலத்திலும் நான் வெகுநாள் ட்ரேசிங் தாளில் பேனாவால் போட்டுக்கொண்டிருந்தேன். கணினி போட்ட கோடு என் கோட்டைவிட நேராகவே இருந்தது. ஆனால் அது எங்கிருந்து நேராக வந்தது என்று எனக்குத் தெரியாது. கையால் போட்ட கோடு கோணினால் எங்கே கோணியது என்று சொல்வேன். கடைசியில் நகராட்சியில் கையால் போட்டதை வாங்க மாட்டோம் என்ற பிறகுதான் மாறினேன்.

தாரை ஏன் ஊதியது

ஆட்டோபைலட் கழன்று அலறுவது தினசரி வழக்கமாயிற்று. மென்பொருள் கோளாறு என்றேன். அழித்துவிட்டு மறுபடி போட்டோம். ஜாய்ஸ்டிக் கோளாறு என்றேன். அருள் வேறு கொண்டுவந்தார். கடைசியில் ஒரு நாள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு. அலறல்.

“அண்ணாச்சி, அது தானா கழரல. நீங்க பிடுங்குதீய.”

“நான் அசைக்கவேயில்லையே.”

“கைய எடுக்கவேயில்லையே! அது திரும்பும்போது நீங்க எதிர்ப்பக்கம் பிடிச்சு இழுக்கீய. அதுக்கு என்ன தெரியும்? பைலட் கேக்காருன்னு விட்டுட்டுப் போயிருது. கைய எடுங்க அண்ணாச்சி.”

குனிந்து பார்த்தேன். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. கம்பியை அப்படித்தான் பிடிப்பேன்.

எடுத்து மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக மேலே ஏறிற்று. அருள் தட்டிவிட்டார். மறுபடி ஏறிற்று.

அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதி, “கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைய மாதிரி. ஸ்கூட்டர்ல என் பின்னால வரும்போதும் அப்படியே இருங்க” என்றாள்.

அருள் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மேகம்

மறுநாளும் சாரல். இந்த மென்பொருள் வெளியே என்ன வானிலையோ அதையே இணையம் வழியாக எடுத்துத் திரையில் போட்டுவிடும். ஜன்னலுக்கு வெளியே குற்றால மலை தெரியவில்லை. திரையிலும் தெரியவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரை. கிளம்பியதும் கடல் பக்கம் போய், மேலே ஏறி, வடகிழக்கே திரும்பி மலையைத் தாண்ட வேண்டும். அந்த வழியை முன்கூட்டியே விமானத்தில் பதித்து வைத்திருந்தோம். அருள் கடையிலிருந்தபடியே ஸ்பீக்கர் போனில் இருந்தார். நடுநடுவே யாருக்கோ டியூப்லைட் விலை சொன்னார்.

ஓடுபாதையை விட்டு எழும்பினேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு.

“கையக் கட்டியாச்சா?”

“கட்டியாச்சு.”

“இனி திசைத் திருகை அமுக்குங்க. இழுக்காதீங்க. அமுக்கணும். அமுக்கிட்டுத் திரும்பக் கையக் கட்டிருங்க.”

அமுக்கினேன். நீயே பார்த்துக்கொள்.

கண்ணாடி முழுக்க வெள்ளை. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குப் பின்னால் மலை இருக்கிறது என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற மலை. வேறு ஊர்க்காரனுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. இப்போது திரும்ப வேண்டும், இப்போது திரும்ப வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அக்குளில் வியர்வை இறங்கியது. கட்டியிருந்த கைகளுக்குள் விரல்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டன.

உயரம் ஏழாயிரம் அடியைத் தொடுவதைப் பார்த்தேன். அடுப்பில் ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

சத்தம் நின்றது.

சத்தம் திரும்பி வந்தபோது முகவாய் நெஞ்சில் கிடந்தது. வாயோரம் ஈரம். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து மடியில் கிடந்தன, உள்ளங்கை மேலே பார்த்தபடி, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல்.

போனில் அருளின் குரல். “திரும்பிச்சா அண்ணாச்சி? எப்படி? வெண்ணெய் மாதிரித் திரும்பியிருக்குமே! அண்ணாச்சி? கேக்குதா? அண்ணாச்சி!”

நிமிர்ந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விமானம் திரும்பி முடித்து, இறக்கைகள் சமமாக, வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. உயரம் எட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆயிரம் அடியும் அந்தத் திருப்பமும் என் கணக்கில் இல்லை.

 மேகத்துக்குள், மலைக்கு எதிரே, நான் அங்கே இருக்கவில்லை. வழக்கம்போல ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தால் விழுகிற கையோடு அதுவும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தாரை ஊதியிருக்கும். கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அருவியில் என்னை நிறுத்தி வைத்தது கம்பி அல்ல என்று அன்றே என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும், வீட்டுக்கு வந்து இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன்.

“அருள்” என்றேன். நாக்கு தடித்திருந்தது. “எனக்குத் தலைசுற்றல் இல்ல. நெஞ்சு நின்னு நின்னு போவுது.”

 கடையில் யாரோ அவரிடம் பல்பு ஹோல்டர் கேட்டார்கள். “பொறுங்க” என்றார் அவர்களிடம்.

“கோமதி” என்று கூப்பிட்டேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, கரண்டியோடு ஓடிவந்தாள். என் சட்டையில் வழிந்திருந்ததைப் பார்த்தாள். 

“திருநெல்வேலிக்குப் போன் போடு. வச்சிருவோம்.”

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை. அது போன் பட்டியலில் மேலேயே இருந்தது. மணி அடிக்கும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, வைத்திருந்தாள்.

டாக்ஸி வந்து நாங்கள் கிளம்பியபோது கணினியை அணைக்கவில்லை. வாசலைப் பூட்டும்போதுதான் நினைவு வந்தது. இறங்கச் சொல்ல ஆளில்லாமல் அது மதுரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஆட்டோபைலட் அவ்வளவுதான். சொன்னதைச் செய்யும். சொல்ல ஒருவன் மிச்சமிருக்க வேண்டும்.

கம்பி

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்க மாட்டார்கள், தோளுக்குக் கீழே மரத்துப்போக மட்டும் ஊசி போடுவார்கள், விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்றார்கள். விழித்திருக்கப் போகிறேன். ஆனால் செய்ய ஒரு வேலையும் இல்லை.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து நீளமான நடைவழியில் கொண்டுபோனார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பச்சைத் துணியின் மருந்து வாடை. வாசல்வரை கோமதி கூடவே நடந்தாள். முந்தின நாள் பிடித்த குழாய்த் தண்ணீரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் “ம்” சொன்னேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் பேச்சு பாதியில் நின்றது.

உள்ளே குளிர். எங்கோ ஒரு பெட்டி என் துடிப்பைக் கீச்கீச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு கீச்சுக்கு நடுவே நான் காத்திருந்தேன்.

வண்டியை மேஜையோடு சேர்த்து நிறுத்தினார் ஊழியர். என்னை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். குனிந்தவர் அப்படியே நின்றார்.

“அண்ணாச்சி.”

“ம்?”

“கைய எடுங்க அண்ணாச்சி. கம்பிய இறக்கணும்லா.”

அப்போதுதான் பார்த்தேன். வண்டியின் பக்கவாட்டுக் கம்பியை என் வலது கை பிடித்திருந்தது. கணுக்கள் வெளுத்திருந்தன. எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது.

அவர் அவசரப்படுத்தவில்லை. கீச்சென்று ஒன்று கேட்டது. அடுத்தது வரத் தாமதமாயிற்று.

கையை எடுத்து மார்பின் மேல் கட்டிக்கொண்டேன்.